கிறிக்கி சுற்றத் தெரிந்தால் நடிப்பு வந்துவிடுமா? – உடல் பயிற்சி பற்றி ஒரு சந்தேகம்

நிலாமேடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு நவீன நாடகக் குழுவில் இரண்டு வருஷமா நடிக்கிறேன். பகலில் வேலை, சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒத்திகை. கொஞ்ச நாளா மனசை அரிக்கிற ஒரு விஷயத்தை இங்கே கேட்கலாம்னு தோணிச்சு.

எங்கள் ஒத்திகை உடற்பயிற்சியில்தான் ஆரம்பிக்கும். முழுசா ஒரு மணி நேரம். தெருக்கூத்து அடவு (தாளத்துக்குக் கால் வைக்கிற ஆட்டம்), கிறிக்கி (கூத்தில் வேகமா உடம்பைச் சுத்தறது), கொஞ்சம் சிலம்பம், களரிப்பயட்டிலிருந்து சில நிலைகள், கடைசியில் தரையில் படுத்து மூச்சுப் பயிற்சி. நடிகருக்கு உடம்புதான் கருவி, அது பழகிட்டா நடிப்பு தானா வரும் என்பது எங்கள் இயக்குநரின் நம்பிக்கை. நானும் முழுசா நம்பித்தான் செய்தேன். இப்போ பன்னிரண்டு கிறிக்கி தலை சுற்றாமல் போடுவேன்.

போன மாசம் ஒரு நாடகம். மகனைப் பறிகொடுத்த அம்மா வேடம் எனக்கு. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர். ஏழு நிமிஷம் தனியாகப் பேசணும். முதல் நாள் போய் உட்கார்ந்ததும் ரெண்டு கையும் என்னோடது இல்லாத மாதிரி ஆயிடுச்சு. எங்கே வைக்கிறதுன்னே தெரியல. மூணாவது வரியில் மூச்சு தீர்ந்துபோய், வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். டம்ளரை எடுத்தப்போ தண்ணீர் புடவையில் கொட்டிச்சு. அத்தனை அடவு போட்ட உடம்புக்கு ஒரு டம்ளரை எடுக்கத் தெரியல.

அப்போ இந்த ஒரு மணி நேரப் பயிற்சி எதுக்கு? கூத்தில் இருக்கும் அசைவுகளை எடுத்து நவீன நாடக நடிகருக்குப் பழக்குவதில் உண்மையாகவே பலன் இருக்கா, இல்ல நாங்க செய்யறது வெறும் வார்ம் அப்தானா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

சபாரசிகன்

அம்மா, வயசில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தமிழ் மேடை காதால் வளர்ந்த மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களில் பாட்டும் வசனமும்தான் உயிர். பாடகர்-நடிகர் கிட்டப்பா உச்சஸ்தாயியில் எடுத்தால் கொட்டகையே அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்று என் தாத்தா சொல்வார். அந்த நடிகர்களை யாரும் சிலம்பம் சுற்றச் சொல்லவில்லை. குரலையும் உச்சரிப்பையும் பழகினாலே பாதி வேலை முடிந்தது. தண்ணீர் கொட்டியது பதற்றத்தால். நாலு காட்சி போனால் சரியாகிவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு அனுப்பும் முன் ஒன்று நினைவுக்கு வந்தது, அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். டி.கே. சண்முகம் ஔவையார் வேடம் போட்டபோது அவருக்கு வயது முப்பதுதான். கட்டான வாலிபன். கூன் விழுந்த கிழவியாக அவர் கோலூன்றி வந்ததைத்தான் ஊரே பேசியது, கடைசியில் பெயரே ‘ஔவை’ சண்முகம் ஆகிவிட்டது. அந்தக் கூனும் நடையும் குரலால் வந்ததில்லை. ஆகவே உடம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாத்திரத்துக்கு வேண்டிய உடம்பைப் பழகுங்கள் என்கிறேன்.

---

செய்யாறு_பின்பாட்டு

நிலாமேடை, உங்க பதிவை ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல கூத்துல கட்டை வேஷம் (மரக் கிரீடம், புஜக்கட்டை கட்டற வேஷம்) கட்டினவர். துரியோதனன், கர்ணன், இரணியன். நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் சின்னச் சின்ன வேஷம், அப்புறம் பின்பாட்டு. இப்பவும் பங்குனி, சித்திரையில லீவு போட்டுட்டுப் பாடப் போவேன்.

ஒரே ஒரு கேள்வி. நீங்க ஒத்திகையில கிறிக்கி போடறப்போ யாராவது பாடறாங்களா? இல்ல ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டுப் போடறீங்களா?

எதுக்குக் கேக்கறேன்னா, கூத்துல கிறிக்கிக்கு ஒரு எடம் இருக்கு. சும்மா சுத்தறது கெடையாது. வேஷக்காரர் ஒரு அடி பாடுவார். முகவீணைன்னு சின்ன ஊதற வாத்தியம், அதோட சுருதிக்கு, நல்ல உச்சத்துல. பாடி விட்டதும் பின்பாட்டுல நாங்க அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவோம். நாங்க பாடற அந்த நேரத்துலதான் அவர் அடவு போடுவார், கிறிக்கி சுத்துவார். மிருதங்கம் முத்தாய்ப்பு வச்சு முடிக்கற எடத்துல கச்சிதமா நிக்கணும். நின்ன அந்த நொடியே அடுத்த அடியை அதே உச்சத்துல எடுக்கணும். மூச்சு வாங்கறதுக்குன்னு தனியா நேரம் கெடையாது. சுத்தும்போதே மூச்சைச் சேத்துக்கணும்.

இதை அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த விதத்தைச் சொல்றேன். வீட்டுக்குப் பின்னாடி களத்துமேடு. சலங்கை கட்டி விட்டுட்டு அவர் கயித்துக் கட்டில்ல உக்காந்துக்குவார். ஒரு அடி பாடுன்னுவார். பாடினதும் அவர் பின்பாட்டு எடுப்பார், நான் சுத்தணும். நின்னதும் அடுத்த அடி. மொதல் வாரம் முழுக்க அடுத்த அடி வாயில வரவே வராது, காத்துதான் வரும். ‘சுத்தி முடிச்சிட்டுப் பாடாதடா, கால் நிக்கறதும் வாய் தொறக்கறதும் ஒன்னா இருக்கணும்’னு அதட்டுவார். ஒரு நாள் திடீர்னு புரிஞ்சுது. கடைசிச் சுத்துக்கு முந்தின சுத்துல வயிறு தானா உள்ள இழுத்து மூச்சை வாங்கிக்குது. நான் வாங்கல, அதுவே வாங்குது. அன்னைக்கு அடுத்த அடி கணீர்னு வந்துது. அப்பா ஒன்னும் சொல்லல, கட்டில்ல இருந்து எந்திரிச்சுப் போய்ச் சொம்புல தண்ணி மொண்டு வந்து குடுத்தார்.

இப்ப உங்க விஷயத்துக்கு வாங்க. நீங்க பன்னெண்டு கிறிக்கி போடறீங்க, ஆனா வாயை மூடிக்கிட்டுப் போடறீங்கன்னா உங்க உடம்பு சுத்தறதை மட்டும்தான் கத்துக்கிட்டிருக்கும். பேசறதுக்கு மூச்சு எங்க வாங்கணும்னு அதுக்குத் தெரியாது. மூணாவது வரியில மூச்சு போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

(எங்க பக்கத்துல சிலர் கிர்க்கின்னும் சொல்லுவாங்க, ரெண்டும் ஒன்னுதான்.)

---

மூட்டுவலி_மருத்துவர்

பிசியோதெரபிஸ்ட். நாடகம் பார்ப்பவன் மட்டுமே, ஆனால் நடனக்காரர்கள், நாடகக்காரர்கள் நிறையப் பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அதனால் இரண்டு விஷயம்.

தலைசுற்றல்: உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். நாம் சுற்றி நின்ற பிறகும் அந்தத் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு நின்றுவிட்டது என்று பாதமும் கண்ணும் சொல்ல, இன்னும் சுற்றுகிறது என்று காது சொல்லும். இந்தச் சண்டைதான் தலைசுற்றல். நாள் தவறாமல் பழகினால் மூளை அந்தக் காதின் செய்தியைக் குறைத்து எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. பத்து நாள் விட்டுவிட்டு ஒரே நாளில் ஐம்பது சுற்றுப் போடுவதில் பலன் இல்லை. தினம் கொஞ்சம் போடுங்கள்.

தரை: இதுதான் முக்கியம். கூத்து மண்ணில் ஆடப்படுவது. மண் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், பாதமும் மண்ணில் கொஞ்சம் வழுக்கித் திரும்பும். சென்னை ஒத்திகை அறைகளில் கான்கிரீட்டுக்கு மேல் டைல்ஸ். வியர்வை பட்ட பாதம் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும், தொடை திரும்பிவிடும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வளையம். கிழிந்தால் லேசில் சேராது. நிலாமேடை, உங்களுக்கு முழங்காலின் உள்பக்கம் வலி இருக்கிறதா? படியிறங்கும்போது?

---

நிலாமேடை

@செய்யாறு_பின்பாட்டு ஐயா, எண்ணிக்கிட்டுத்தான் போடறோம். இயக்குநர் கை தட்டுவார், அந்தத் தாளத்துக்குச் சுத்துவோம். யாரும் பாடினதே இல்லை. நீங்க எழுதினதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

@மூட்டுவலி_மருத்துவர் சார், இருக்கு. இடது முழங்கால். இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்தில் நடந்த பத்து நாள் பட்டறையில் வந்த வலி. நாலாவது நாளே சொன்னேன், வலியைத் தாண்டினாத்தான் உடம்பு திறக்கும்னு சொன்னாங்க. தாண்டிப் பார்த்தேன், மூணு மாசம் சம்மணம் போட்டு உட்கார முடியல.

---

மூட்டுவலி_மருத்துவர்

வலியைத் தாண்டச் சொல்லும் இடத்துக்குத் தயவுசெய்து மறுபடி போகாதீர்கள். தசைக் களைப்பு வேறு, மூட்டு வலி வேறு. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்வதில் எந்தக் கலையும் இல்லை. நேரில் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

---

ஒத்திகைக்கூடம்

நான் நாடகம் இயக்குபவன். நிலாமேடையின் இயக்குநர் தரப்பில் நின்று கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானும் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

கூத்திலிருந்து அசைவுகளை எடுத்து நவீன நடிகருக்குப் பழக்குவது இங்கே சும்மா வந்த மோகம் இல்லை. ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, புரிசைக் கூத்தைப் பார்த்து மிரண்டு போன ஒரு எழுத்தாளராகத்தான் தொடங்கினார். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரான் பட்டறை நடிகர்களோடு நெருக்கமாக வேலை செய்தார். நம் நகரத்து நடிகர் கழுத்துக்கு மேல் மட்டும் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. அடவு பழகிய ஒரு தலைமுறை முழு உடம்போடு மேடையில் நிற்கக் கற்றுக்கொண்டது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்ற நாடுகளிலும் இதே தேடல்தான். ருஷ்யாவில் நாடக இயக்குநர் மெயர்ஹோல்ட் 1920களில் ‘பயோமெக்கானிக்ஸ்’ என்ற பயிற்சியை உருவாக்கினார். வில் எய்வது, கல் எறிவது, அறைவது போன்ற சின்னச் சின்ன அசைவுத் தொடர்கள். அதில் ‘ஒத்காஸ்’ என்று ஒன்று. முன்னால் போகும் முன் ஒரு கணம் பின்னால் இழுப்பது, எழும் முன் கொஞ்சம் தாழ்வது. அறையப் போகிற கை முதலில் பின்னால் போகிறதே, அதுதான். பார்வையாளர் கண் அந்த இழுப்பில் மாட்டிக்கொள்ளும், அடுத்து வரப்போகும் அசைவுக்கு ஏங்கும். இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு ஊரில் கூத்துப் பார்க்கப் போனேன். வேஷக்காரர் முன்னால் பாயும் முன் குதிகாலை ஊன்றி ஒரு அடி பின்வாங்கினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மரபு, ஒரே கண்டுபிடிப்பு.

போலந்தில் இயக்குநர் க்ரோட்டோவ்ஸ்கியின் குழு. 1963-ல் அவரோடு வேலை செய்த யூஜெனியோ பார்பா கேரளக் கலாமண்டலம் போய்க் கதகளிப் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் குழுவிடம் சொன்னார். அவர்கள் யோகாவும் செய்து பார்த்தார்கள். அதில் ஒரு பாடம் இருக்கிறது: யோகா மனதை உள்ளே இழுத்து அமைதியாக்கியது, ஆனால் மேடையில் வெளிப்பட வேண்டியதையும் சேர்த்து அடக்கிவிட்டது என்று க்ரோட்டோவ்ஸ்கி கண்டார். அதனால் அதே நிலைகளை எடுத்து, எதிரே இருக்கும் ஆளை நோக்கி, ஒரு நினைவை நோக்கித் திருப்பினார்கள்.

ஆகவே என் கருத்து: அசைவைக் கடன் வாங்கலாம். வாங்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நாங்கள் சோம்பேறியாகிவிடுகிறோம். செய்யாறுக்காரர் கேட்ட கேள்வி என்னையும் தைத்தது. என் ஒத்திகையிலும் ஒருவரும் பாடுவதில்லை.

---

செய்யாறு_பின்பாட்டு

ஒத்திகைக்கூடம் ஐயா, நீங்க ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. எங்ககிட்ட இருந்து எடுத்துக்கறதுல எங்களுக்கு வருத்தம் இல்ல. சந்தோஷம்தான். ஆனா காலை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறாங்க, பாட்டை விட்டுட்டுப் போறாங்க. அதுதான் மனசுக்குக் கஷ்டம். பாட்டு இல்லாத அடவுக்கு அர்த்தம் கெடையாது.

இன்னொன்னு, கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம், மேல கண்ணாடிச் சில்லு ஒட்டினது. லேசான மரம்தான், ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குக் கட்டினா விடிய விடிய தோள்ல இருக்கும். கட்டிக்கிட்டா கழுத்தை மட்டும் திருப்பி ஒருத்தரைப் பாக்க முடியாது. இடுப்பில இருந்து மொத்த உடம்பும் திரும்பணும். துரியோதனன் திரும்பினா சபையே திரும்பற மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே, அது ராஜ கம்பீரம்னு யாரும் தனியா கத்துக் குடுக்கல. கட்டை கத்துக் குடுத்தது. ஜீன்ஸ், டீ ஷர்ட் போட்டுக்கிட்டு அதே திரும்பலைப் பழகினா உடம்புக்கு எதுக்குன்னு தெரியாது.

திரைப் பிரவேசத்தையும் சொல்லணும். ரெண்டு பேர் ஒரு சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. வேஷம் பின்னாடி. சனங்களுக்குத் தெரியறது மேல கிரீடத்தோட நுனி, கீழ ரெண்டு பாதம். அவ்ளோதான். உள்ள இருந்து பாட்டும் சலங்கையும் வரும். மொகம் இன்னும் யாரும் பாக்கல. ஆனா பாதத்தைப் பாத்தே ‘துச்சாதனன்டா’ன்னு சின்னப் பசங்க கத்துவாங்க. நடிப்பு காலில இருந்து ஏறுதுன்னு நான் நம்பறதுக்குக் காரணம் அதுதான். சின்ன வயசுல சேலைக்குக் கீழ குனிஞ்சு அப்பா காலைத் தேடினவன் நான்.

---

மட்டக்களப்பான்

நல்ல உரையாடல். எங்கட பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சேர்க்கிறன்.

மட்டக்களப்பில வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு கூத்து மரபு. வட்டக்களரியில ஆடுறது. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட நடுவில நிப்பார். ஊரில ஒரு வளவில மாசக் கணக்கில ராவிராவாப் பழகுவினம். ஆட்டம் பிடிபட்ட பிறகுதான் சதங்கை அணி விழா. எடுத்த உடன சதங்கை தரமாட்டினம்.

இங்க கவனிக்க வேண்டியது தாளக்கட்டு. அரசன் களரிக்குள்ள வர ஒரு வரவுத் தாளம், பெண் பாத்திரத்துக்கு வேற, வேடனுக்கு வேற. பழகத் தொடங்கேக்க அண்ணாவியார் சொற்கட்டை, அதாவது தாளச் சொல்லுகளை, வாயால சொல்லித் தருவார். நாங்களும் வாயால சொல்லிச் சொல்லித்தான் காலை வைக்க வேணும். வாய் பிழைச்சால் கால் பிழைக்கும், கால் பிழைச்சால் வாய் தடக்கும். செய்யாறு அண்ணன் சொல்லுறதும் இதுவும் ஒண்டுதான் எண்டு நினைக்கிறன். வீசாணம், எட்டு, பொடியடி, குத்துமிதி எண்டு ஆட்டங்களுக்குப் பேர் இருக்கு, ஆனால் அந்தப் பேர்களைத் தனியாப் பயிற்சியா ஆருமே செய்யிறேல்ல. பாட்டுக்குள்ள வரேக்கதான் ஆடுறது.

1960களில பேராதனைப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை விடிய விடிய ஆடுறதிலயிருந்து சுருக்கி, படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்பிடி வந்தது. மௌனகுரு இராவணனா ஆடினார். அந்த மாற்றத்தில ஒரு பெரிய கேள்வி வந்தது: வட்டக்களரியில சுத்திவர ஆக்கள் இருக்க ஆடின ஆட்டத்தை, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடையில எப்பிடி ஆடுறது? அசைவு அதேதான், ஆனால் அது ஆரை நோக்கி எண்டது மாறிப்போச்சு. ஆனபடியால் மரபை இடம் மாத்துறதே பிழை எண்டு நான் சொல்லமாட்டன். அவையள் பாட்டையும் மத்தளத்தையும் கூடக் கொண்டு போனவை, அதாலதான் அது நிலைச்சு நிண்டது. தங்கச்சி, நீங்கள் உங்கட நாற்காலிக்கு எதைக் கூடக் கொண்டு போனனீங்கள்?

---

தமிழாசிரியை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். நாடகம் எனக்கு வாசிப்பு வழியாக மட்டுமே தெரியும்.

நிலாமேடையின் பாத்திரம் மகனை இழந்த தாய் என்றதும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் நான்கு காரணத்திலிருந்து பிறக்கும். அழுகைக்குச் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வரும் அழுகை, உயிரையோ பொருளையோ இழந்ததால் வருவது, பழைய நிலை கெட்டுத் தளர்ந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. ஒரே அழுகை என்று நாம் நினைப்பது நான்கு வேறு உடம்புகள் இல்லையா? மகன் இறந்த அன்று இழவு. ஆறு மாதம் கழித்து அதே தாய் நாற்காலியில் உட்காரும்போது அது அசைவாகியிருக்கும். கை கால் வேறு மாதிரி இருக்கும். உங்கள் காட்சி இதில் எது?

---

நிலாமேடை

@தமிழாசிரியை அம்மா, நாடகத்தில் மகன் போய் எட்டு மாசம் ஆகிறது. நான் மகன் அன்னைக்குத்தான் செத்த மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்வியை எங்க ஒத்திகையில் ஒருத்தர்கூடக் கேட்கல, நானும் கேட்டுக்கல.

---

ஒத்திகைக்கூடம்

மட்டக்களப்பாரின் கேள்விக்குத் தொடர்பாக ஒன்று. ஜப்பானில் நாடக இயக்குநர் தடாஷி சுசுகி தன் குழுவோடு 1976-ல் தோகா என்ற மலைக் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து வேலை செய்தார். அவருடைய பயிற்சி முழுக்கப் பாதம்தான். இசைக்குத் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இடுப்புக்கு மேல் ஆடக் கூடாது. இசை நின்றதும் விழ வேண்டும். பிறகு மெதுவான இசைக்கு எழுந்து வர வேண்டும். மிதித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த உடம்போடேயே வசனம் பேச வைப்பார்கள். களைப்பு குரலில் கேட்கக் கூடாது. சுற்றி நின்றதும் அடுத்த அடி என்று செய்யாறுக்காரர் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பயிற்சி ஏழு மணி வரை, வசனம் ஏழு மணிக்கு மேல் என்று நான் போட்டு வைத்திருக்கும் கால அட்டவணையை இந்த வாரமே மாற்றப்போகிறேன்.

---

சபாரசிகன்

ஒரு சந்தேகம். அசைவு, அசைவு என்கிறீர்களே, அசையாமல் இருப்பது?

---

செய்யாறு_பின்பாட்டு

பெரியவர் சரியான எடத்தைத் தொட்டுட்டார். திரௌபதி துகிலுரியற கூத்தைச் சொல்றேன். சூதாட்டம், இழுத்துட்டு வர்றது, எல்லாம் ஒரே ஓட்டமும் ஆட்டமும். துச்சாதனன் ஆடற ஆட்டத்துல மண்ணு பறக்கும். ஆனா சேலையில கை வைக்கற நேரம் வந்தா எல்லாம் நின்னுடும். கற்பூரம் ஏத்துவாங்க. துச்சாதனன் வேஷக்காரர் அம்மனைக் கும்பிட்டுட்டுத்தான் சேலையைத் தொடுவார். திரௌபதி அசையாம நிப்பாங்க, பாட்டு மட்டும்தான் போகும். முன்வரிசையில உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு அருள் வந்துடும்.

அந்த நிக்கற நிலையை அப்பா கூட்டாளி ஒருத்தர் கட்டுவார், பெண் வேஷம். அவர் நிக்கறப்போ பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். வெளிய ஒரு அசைவு இல்ல. ஆனா சலங்கை ரொம்ப மெல்லிசா, ஊசி விழுந்த மாதிரி, விட்டு விட்டுச் சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கும். பாதத்துக்கு அடியில அவ்வளவு வேலை நடக்குது. அவர் சும்மா நிக்கல. ராத்திரி முழுக்க ஆடின ஆட்டத்தைக் காலுக்கடியில பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்கறார்.

இப்ப பொம்பளப் பிள்ளைங்களே அந்த வேஷம் கட்டறாங்க. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பி. ராஜகோபால் வாத்தியார் நடத்தின கட்டைக்கூத்து குருகுலம் 2002-ல இருந்து 2020 வரைக்கும் இருந்துது. அங்க பெண் பிள்ளைங்க முறையாக் கத்துக்கிட்டாங்க, கட்டை வேஷமே கட்டினாங்க. பெண்ணால விடிய விடிய ஆட முடியாதுன்னு எங்க ஊர்ல சொன்னவங்க வாயை அடைச்ச பிள்ளைங்க அவங்க.

நிலாமேடை, இப்ப உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். மேடையில நாற்காலியில உக்காந்தப்போ உங்க பாதம் எங்க இருந்துச்சு?

---

நிலாமேடை

நாலு நாள் கழிச்சு எழுதறேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல, அதனால காட்சியைப் படம் பிடிச்ச நண்பர்கிட்ட வீடியோ வாங்கிப் பார்த்தேன்.

பாதம் ரெண்டையும் நாற்காலிக் காலுக்குப் பின்னாடி கொக்கி மாதிரி மாட்டி வச்சிருக்கேன். ஏழு நிமிஷமும் அப்படியேதான். குதிகால் தரையில் படவே இல்லை. தொடை இறுகி, வயிறு மடங்கி, நெஞ்சுக்கு மேல மட்டும் மூச்சு விடறேன். மூணாவது வரியில் தோள் ரெண்டும் மேலே ஏறுது, அப்போதான் மூச்சு போகுது. இவ்வளவு நாளா கை கைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நேத்து ராத்திரி மொட்டை மாடியில் சின்னச்சின்னதா சில வேலை செய்தேன். முழங்காலுக்காகக் கிறிக்கியை விட்டுட்டேன், சும்மா அடவு நடைதான். என் வசனத்தின் முதல் வரியைச் சத்தமா சொல்லிட்டு, தங்கச்சியை அதே வரியைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவ சொல்ற நேரத்தில் நான் நடந்தேன். அவ முடிக்கிற இடத்தில் கால் நின்னு அடுத்த வரி. பின்பாட்டு மாதிரியே. முதல் பத்து தடவை ஒண்ணுமே சரியா வரல. அப்புறம் ஒரு தடவை, நீங்க சொன்ன மாதிரி, நான் வாங்காமலே மூச்சு வந்திருந்துச்சு. அதே மூச்சோட போய் நாற்காலியில் உட்கார்ந்தேன், ரெண்டு குதிகாலும் தரையில். மூணாவது வரி முழுசா வந்துச்சு. நாலாவதும் வந்துச்சு. தங்கச்சி அழுதுட்டா, அவளுக்கு நாடகம்னாலே பிடிக்காது.

ஒத்திகைக்கூடம் ஐயா சொன்ன பின்னிழுப்பை டம்ளர்ல பார்த்தேன். எடுக்கும் முன் கையை ஒரு விரற்கடை மடிப்பக்கம் இழுத்துட்டு எடுத்தேன். தண்ணீர் கொட்டல. ஆனா அந்த இழுப்பு இருந்ததால, தண்ணி குடிக்கவே மனசில்லாத ஒருத்தி எடுக்கிற மாதிரி இருந்துச்சு. அது எழுத்தில் இல்லாத விஷயம்.

அஞ்சாவது வரிக்கு மேல இன்னும் தடுமாறுது. எங்கே எதுக்குன்னு கண்டுபிடிக்க முடியல.

---

மூட்டுவலி_மருத்துவர்

குதிகால் தரையில் பட்டதும் தொடை தளர்கிறது, இடுப்புக்கூட்டின் அடித்தளம் தளர்கிறது, உதரவிதானம் கீழே இறங்க இடம் கிடைக்கிறது. நீங்கள் மாடியில் கண்டுபிடித்தது உடற்கூறு ரீதியாகவும் மிகச் சரி. முழங்காலைக் காட்டினீர்களா?

---

நிலாமேடை

சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன் சார்.

---

செய்யாறு_பின்பாட்டு

கால் எங்க இருக்குன்னு கேட்டதுக்கு வீடியோ தேடிப் பாத்திருக்கீங்க பாருங்க, அப்பா இருந்திருந்தா உங்களைச் சேத்துக்கிட்டிருப்பார்.

அஞ்சாவது வரிக்கு ஒரு வழி. யார்கிட்டயாவது ஒரு ஜோடி சலங்கை வாங்குங்க. பெரிய கெஜ்ஜை வேணாம், அம்பது மணி போதும். கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்து ஏழு நிமிஷத்தையும் பேசுங்க. நடக்க வேணாம், ஆட வேணாம். விளக்கை அணைச்சிடுங்க. தங்கச்சியைப் பக்கத்துல உக்கார வச்சு, எந்தெந்தச் சொல்லுல மணிச் சத்தம் வருதுன்னு காகிதத்துல கோடு போடச் சொல்லுங்க. நீங்க கவனிக்காதீங்க, அவங்க கவனிக்கட்டும். அஞ்சாவது வரியில சத்தம் வருதா, இல்ல வர்றது அங்க நின்னுபோகுதான்னு பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

---

நிலாமேடை

பக்கத்துத் தெருவில் பரதம் கத்துக் கொடுக்கிற அக்காகிட்ட கேட்டிருக்கேன், வியாழக்கிழமை தர்றேன்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே கட்டிப் பார்த்துட்டு எழுதறேன்.